உடல் வராத வீட்டுக்கு ஒரு நினைவேந்தல்: திருகோணமலையில் நடத்துவது எப்படி

எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவன் ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரைன் போரில் இறந்துபோனான். அவனையும், அதே போருக்குப் போய்த் திரும்பி வராத இன்னும் மூன்று பேரையும் நினைத்துப் போன வருடம் கடற்கரையில் விளக்கேற்றினோம். முதல் தடவை முடியாமல் போனது. பின்னேரம் ஐந்து மணிக்கு, சனம் வந்து நின்ற பிறகு, பொலிசார் வந்து "எழுத்தில் அறிவித்தீர்களா? கடிதம் எங்கே?" என்று கேட்டார்கள். எங்களிடம் கடிதம் இல்லை. பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி தாய்மார் திரும்பி நடந்தார்கள். ஆறு கிழமை கழித்து இரண்டாம் தடவை ஒழுங்காக நடந்தது.

இடைப்பட்ட அந்த ஆறு கிழமையில் எங்கே போனோம், என்ன கொடுத்தோம், எவ்வளவு செலவானது, எங்கே பிழைவிட்டோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இன்னொரு வீட்டுக்கு அந்த முதல் நாள் வரக்கூடாது. மூன்று கிழமையாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. முதலில் வீட்டுக்குப் போங்கள்

வட்ஸ்அப்பில் செய்தி போடுவதற்கு முன், பொலிசுக்குப் போவதற்கு முன், இறந்தவரின் வீட்டுக்குப் போங்கள். போனில் கேட்க வேண்டாம். நேரில் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, அப்புறம் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: பேரைச் சொல்லலாமா? படம் வைக்கலாமா? "இறந்துவிட்டார்" என்று சொல்லலாமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இந்தப் போருக்குப் போனவர்களில் பலருடைய உடல் வரவில்லை. சில வீடுகளுக்கு வந்தது கூடப் போன ஒருவரின் குரல் பதிவு மட்டும்தான். எங்கள் நான்கு பேரில் ஒருவர் அப்படி. அவருடைய மனைவி, "மாலை போட வேண்டாம், விளக்கும் வேண்டாம், படத்தை நானே வைச்சிருக்கிறன்" என்று சொன்னா. நிகழ்வு முடியும்வரை படத்தை மடியில் வைத்தபடியே இருந்தா. நாங்களும் அவருடைய பேரைக் கடைசியாக, "வரவை எதிர்பார்த்திருக்கும்" என்று சொல்லித்தான் வாசித்தோம். எங்கள் ஊரில் படத்துக்கு மாலை விழுந்தால் கதை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை வீட்டுக்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும், நாங்கள் அல்ல.

சொல்லையும் அவர்களிடமே கேளுங்கள். முதல் தடவை நாங்கள் யாரையும் கேட்காமல் "வீரமரணம்" என்று பெரிய எழுத்தில் பதாகை அடித்துவிட்டோம். ஒழுங்கைப் பையனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ர பிள்ளை வீரம் காட்டப் போகேல்ல. வட்டிக் கடனுக்குப் போனவன். அதை மாத்துங்கோ" என்று சொன்னா. மூவாயிரம் ரூபாய்ப் பதாகை சுருட்டியபடியே இன்னும் என் வீட்டில் கிடக்கிறது. அவன் ஐரோப்பாவுக்கு என்று ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போனவன். போன இடத்தில் சீருடை கொடுத்தார்கள். அந்தத் தாய்க்கு எது உண்மையோ அதைத்தான் கடற்கரையில் சொல்ல வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எல்லா வீடும் ஒரே மாதிரி நினைக்காது. கந்தளாய்ப் பக்கத்தில் ஒரு குடும்பம். மகன் இலங்கை இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுப் போனவர். அவர்களுக்கு அவர் படைவீரர்தான். பதவியோடு பேரைச் சொல்லும்படி கேட்டார்கள், அப்படியே சொன்னோம். தமிழ் வீட்டாரும் சிங்கள வீட்டாரும் ஒரே வரிசையில் இருப்பார்களா என்று எனக்குப் பயம் இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்த இரண்டு அம்மாமாரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சம்மதம் கிடைத்ததும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நம்பிக்கை இல்லாமல் வாங்குவதாக நினைக்க வேண்டாம். பிறகு ஒரு சித்தப்பா வந்து "ஆர் உங்களைக் கேட்டது?" என்று நிற்கும்போது அந்தத் தாள் உதவும். எங்களுக்கு உதவியது.

2. சாவுப் பத்திரம் பற்றி

நினைவேந்தல் நடத்த மரணச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு, இறந்த திகதி என்று எதையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். வங்கி, காப்புறுதி, நட்டஈடு என்று பின்னால் வீட்டுக்காரர் அலையும்போது பேஸ்புக்கில் கிடக்கும் ஒரு திகதியும் பத்திரத்தில் உள்ள திகதியும் முட்டிக்கொள்ளும். பிறந்த வருடத்தையும் வயதையும் மட்டும் போடுங்கள்.

உறுதிப்படுத்த வேண்டிய வீட்டுக்காரரை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு அனுப்புங்கள். அது பத்தரமுல்லை சுஹுறுபாயவில் இருக்கிறது. இங்கிருந்து இரவு பஸ் எடுத்தால் காலையில் வரிசைக்குப் போய்விடலாம். கொண்டுபோக வேண்டியவை: போனவரின் கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் பத்திரம் (மனைவி என்றால் விவாகச் சான்றிதழ்), ஒப்பந்தத்தின் படம் போனில் இருந்தால் அதன் அச்சு, கடைசியாகப் பேசிய திகதி. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2025 ஜனவரி 20 வரையான கணக்காக வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்னது: ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அவர்களில் இறந்தவர்கள் 59 பேர். உக்ரைன் பக்கம் நின்று இறந்த இலங்கையரும் இருக்கிறார்கள். போர் இன்னும் முடியவில்லை. ஆகவே கொழும்பில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், தயங்காமல் பேசச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "உடலைக் கொண்டுவந்து தருகிறேன், நட்டஈடு எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர்கள் நினைவேந்தல் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் நிகழ்வு முடிந்து இரண்டாம் நாள் ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தது. விளம்பரத்தில் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தைப் போடவே வேண்டாம்.

3. நாளும் நேரமும்

தவிர்க்க வேண்டிய நாட்கள்: மாவீரர் வாரமான நவம்பர் 21 முதல் 27 வரை, முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய நாட்கள். அந்த நாட்களில் எந்த விளக்கையும் ஒரே கண்ணோடுதான் பார்ப்பார்கள், உங்கள் வீட்டுக்காரர் தேவையில்லாமல் விசாரணைக்கு உள்ளாவார்கள். கடற்கரைக் காந்தி சிலையடியில் நடத்துவதென்றால் ஜனவரி 2ஆம் திகதியும் வேண்டாம். 2006இல் அந்த இடத்தில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களை அவர்களுடைய பெற்றோர் நினைவுகூரும் நாள் அது. போயா விடுமுறையும் கோயில் திருவிழா நாட்களும் சரிவராது. அலுவலகம் பூட்டு, தெரு நெரிசல்.

நேரம், பின்னேரம் 5.30க்குத் தொடங்கி 6.30க்குள் முடிக்கப் பாருங்கள். எங்கள் கடற்கரை கிழக்குப் பார்த்தது, வெளிச்சம் சட்டென்று போய்விடும். பள்ளிவாசலில் மஃரிப் (மாலைத் தொழுகை) பாங்கு சொல்லும் நேரத்தைக் கேட்டு அறிந்து, அந்த நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். நாங்கள் மௌன அஞ்சலியை அந்த நேரத்துக்கே வைத்துக்கொண்டோம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. அந்த மாதங்களில் கடற்கரையை நம்ப வேண்டாம், ஒரு மண்டபத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

4. இடம்

எளிதானது தனியார் வளவு அல்லது கோயில், தேவாலய மண்டபம். உரிமையாளரிடமிருந்தோ நிர்வாக சபையிடமிருந்தோ ஒரு சம்மதக் கடிதம் போதும். பொது இடம் என்றால் உள்ளூராட்சி சபையில் விண்ணப்பிக்க வேண்டும் (பழைய பழக்கத்தில் எல்லோரும் நகரசபை என்றுதான் சொல்லுவோம்). உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் அந்தப் பிரதேச சபை. பதில் வர எங்களுக்கு எட்டு நாள் எடுத்தது.

மணலில் பந்தல் போட நினைக்க வேண்டாம். கரையோரம் பேணல் திணைக்களம் வரைக்கும் அலைய வேண்டிவரும், பந்தலுக்குத் தேவையும் இல்லை. கோட்டைக்குள் கோணேசர் கோயில் போகும் பாதையில் நடத்தலாமே என்று ஒருவர் கேட்டார். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அந்த யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

5. பொலிசுக்குக் கடிதம்

நாங்கள் விழுந்த குழி இதுதான். முதல் தடவை நேரில் போய் வாயால் சொன்னோம். கேட்டவர் தலையாட்டினார். நிகழ்வு நாளில் அவர் கடமையில் இல்லை. வந்தவருக்கு எதுவும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிழை எங்களுடையது.

சட்டப்படி, ஊர்வலமாக நடந்து வருவதென்றால் தொடங்குவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நீங்கள் ஊர்வலம் வைக்க வேண்டாம், ஒரே இடத்தில் கூடுங்கள். அப்படியானாலும் பத்து நாளுக்கு முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கி பாவிப்பதென்றால் அதற்குத் தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதி, "இரண்டும் கேட்டிருந்தோமே" என்று பிறகு வாதாட வேண்டாம். தனித்தனி விண்ணப்பம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஒழுங்கமைப்பாளர் மூவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, இடம், திகதி, தொடங்கும், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்களின் தொகை, என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. எங்கள் கடிதத்தின் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன், எடுத்துப் பாவியுங்கள்:

"ரஷ்ய–உக்ரைன் போரில் உயிரிழந்த, காணாமல்போன இலங்கையர் நால்வரின் குடும்பத்தினர் விளக்கேற்றி, பெயர் வாசித்து, ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவர். ஊர்வலம் இல்லை. அரசியல் உரை இல்லை. எந்த அமைப்பினதோ நாட்டினதோ கொடியும் சின்னமும் பயன்படுத்தப்படாது. வீதிப் போக்குவரத்துக்கு இடையூறு இராது. முடிந்ததும் இடம் துப்புரவு செய்யப்படும்."

தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், மூன்று நாள் மிச்சமாகும். மூன்று பிரதி எடுத்துப் போங்கள்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, மூன்றாவது உங்களுக்கு. உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, பெயர், திகதி, நேரம், முத்திரை வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம். "வைத்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால், "ஐயா, நான் இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன்" என்று பணிவாகச் சொல்லி இருங்கள். நான் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தேன். அந்த முத்திரைத் தாள்தான் இரண்டாம் தடவை எங்களைக் காப்பாற்றியது. வந்தவர்களிடம் காட்டினேன், வாசித்தார்கள், ஓரமாக நின்றார்கள், கடைசியில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மௌனத்தில் நின்றார்.

அப்படியும் நீதிமன்றத் தடையுத்தரவு வந்தால்? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நீதவான் தற்காலிகத் தடை விதிக்கலாம். அது 14 நாளுக்கு மேல் நீடிக்காது. தாளைக் கையில் வாங்கி முழுதாக வாசியுங்கள்: யாருடைய பெயர், எந்த இடம், எந்த நாள். மீறிக் கூட வேண்டாம். அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து நகர்த்தல் பத்திரம் (தடையை மீளப் பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போடுங்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதிகாரிகள் மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அவர்களுக்கு எங்களூரிலும் அலுவலகம் உண்டு.

6. கொடி வேண்டாம்

ரஷ்யக் கொடி, உக்ரைன் கொடி, கட்சிக் கொடி, எதுவும் வேண்டாம். "அனுதாபத்துக்குத்தானே" என்று ஒருவர் நீலமும் மஞ்சளும் ரிப்பன் கட்டக் கொண்டுவந்தார். ரஷ்யச் சீருடையில் செத்த பிள்ளையின் தாய் முன்னால் அதை எப்படிக் கட்டுவது? சீருடைப் படத்தைவிட வீட்டுப் படம் நல்லது. தடைசெய்யப்பட்ட சின்னங்கள் பின்னணியில்கூட வராமல் படங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

7. விளக்கு, காற்று, மான்

கடற்கரையில் விளக்கு எரியவைப்பது சின்ன வேலை இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று, நவம்பருக்குப் பிறகு வாடை. மெழுகுதிரி ஒரு நிமிடம் நிற்காது. நாங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு வகையைப் பற்றவைத்துப் பார்த்தோம். நின்றது இதுதான்: ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி எடுத்து, மிஞ்சிய குழாயை இரண்டு விரல்கடை ஆழம் மணலில் புதைத்து, அதற்குள் மண் சிட்டியை (சின்ன அகல் விளக்கை) வைக்க வேண்டும். திரியைத் தடிப்பாக முறுக்குங்கள். எண்ணெயை முக்கால்வாசி மட்டும் விடுங்கள், நிரம்பினால் மணலில் வழிந்து திரி சரியும். குழாய்ச் சுவரில் சுடர் படாமல் சிட்டி நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் உருகி மணக்கும். பற்றவைக்க நீண்ட ஊதுபத்தி எடுங்கள், நெருப்புப்பெட்டி வேலைக்காகாது. நூறு சிட்டியில் தொண்ணூறுக்கு மேல் கடைசிவரை எரிந்தன. போத்தல்களை எண்ணி வைத்து, எண்ணித் திருப்பி எடுங்கள். ஒன்றுகூடக் கடலுக்குப் போகக்கூடாது.

அப்புறம் மான். வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களூர் மான்கள் பின்னேரம் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வரும். பூமாலையைப் படத்தில் போட்டுவிட்டு அரைமணித்தியாலம் தனியே விட்டால் நார்தான் மிஞ்சும். ஒத்திகை நாளில் ஒரு மாலை அப்படிப் போனது. பூவை மூடிய கூடையில் வைத்திருந்து, சனம் வந்து இருந்த பிறகு போடுங்கள், படங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்கட்டும். மானை விரட்டவோ கல்லெறியவோ வேண்டாம்.

8. என்ன நடத்துவது

நாற்பது நிமிடம் போதும். முதலில் படங்களை வீட்டாரே கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு பெயர் வாசிப்பு: பெயர், வயது, ஊர், வீட்டார் சொல்லித்தந்த ஒரு வரி. இந்த ஒழுங்கு எனக்கு உப்புவெளிப் போர் மயானத்தில் தோன்றியது. அங்கே கல்லில் பெயரும் வயதும், சிலவற்றில் குடும்பம் எழுதிக்கொடுத்த ஒரு வரியும் இருக்கும். கந்தளாய் அம்மா கொடுத்த வரி, "சம்பளம் வந்ததும் கூரை போடுவதாகச் சொன்னவர்." அந்த வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்தோம்.

அடுத்தது ஒரு நிமிட மௌனம். உக்ரைனில் 2022 மார்ச் முதல் தினமும் காலை 9 மணிக்கு நாடே ஒரு நிமிடம் நிற்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தை மட்டும். மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக அறுபது வினாடி விடுங்கள், இருபதில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. பிறகு வீட்டார் முதல் விளக்கை ஏற்ற, மற்றவர்கள் தொடர்வார்கள். விளக்கேற்றாத நண்பர்கள் இருப்பார்கள். முஸ்லிம் நண்பர்கள் சிலர் ஓரமாக நின்று துஆ கேட்டார்கள். யாரையும் திரியைப் பிடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

உரை வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் ஏழு பேருக்குக் கொடுக்க வேண்டும், ஏழாவது ஆள் தேர்தலைப் பற்றிப் பேசுவார். வீட்டார் பேச விரும்பினால் மட்டும் பேசட்டும். படம் எடுப்பவருக்கு முன்பே சொல்லிவையுங்கள்: அழுகிற முகத்துக்குக் கிட்டப் போகக்கூடாது.

9. செலவு

எங்களுக்கு ஆனது, ரூபாயில்: மண் சிட்டி நூறு 3,500. தேங்காய் எண்ணெய் 2,600. திரி, ஊதுபத்தி 300. படம் நான்கு, பெரிதாக்கி லமினேட் செய்து 2,400. கதிரை அறுபது, வாடகை 2,400, ஏற்றி இறக்க 1,500. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் 4,500. மொழிபெயர்ப்பு, போட்டோப்பிரதி 800. கையுறை, குப்பைப் பை 400. மொத்தம் 18,400. பூ ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது, மின்கல ஒலிபெருக்கியை ஒரு டியூட்டரி ஆசிரியர் தந்தார்.

வீட்டாரிடம் ஒரு சதமும் வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது பெரிய தொகை அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். "காசு எங்கேயிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். ஒழுங்கையில் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று சேர்த்து, கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுகளை அதிலேயே ஒட்டி வைத்தோம். அந்தக் கொப்பியை யார் கேட்டாலும் காட்டலாம்.

10. முடிந்த பிறகு

விளக்குகள் தானாக அணையும்வரை நான்கு பேர் நில்லுங்கள். ஊதி அணைக்க வேண்டாம், வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் ஊறிய மணலை வாரிப் பையில் கட்டுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், இருட்டில் தப்பியது தெரியும். எங்களுக்கு இரண்டு போத்தல் துண்டும் ஒரு சிட்டியும் கிடைத்தன.

படங்களை அன்றிரவே அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்திரிகைத்தாளில் சுற்றாமல் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுங்கள். கந்தளாய்க்குப் போக இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. அந்த அம்மா வாசல் லைட்டைப் போட்டுவிட்டு, சோறு மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தா. படத்தை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் எங்களை இருக்கச் சொன்னா.